முனியாண்டிக்குப் போன சிவப்பு விளக்கு

நேற்று ஈப்போவில் சமிக்ஞை விளக்குக்காக நிற்கிறேன், பக்கத்தில் ஓர் இளைஞனின் கார். அவன் போட்டிருந்த பாட்டில் என் கார்க் கண்ணாடியே அதிர்ந்தது. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். நானோ, இவன் ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் இந்தப் புத்தி போகவில்லை.

காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவுக்கு ஒரு வாசனை உண்டு. சூடேறிய செம்புக்கம்பியும் வார்னிஷும் கலந்த வாசனை. எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் கார் வயரிங் வேலை பார்த்தபோது அது என் சட்டையிலேயே குடியிருந்தது. சனிக்கிழமை தோட்டத்து வீட்டுக்குத் திரும்பும் சுங்கை சிப்புட் பஸ்ஸில், ரப்பர்ப்பால் நாற்றத்தோடு வரும் தோட்டத்து ஆட்களே என்னைவிட்டுத் தள்ளி உட்காருவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்துக்கொண்டிருந்த என் அண்ணன் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்துக்கே அது ஒன்றுதான் கார். நல்லது கெட்டதுக்கெல்லாம் அதுதான் ஓடும். அண்ணனுக்கோ பாட்டுப் பைத்தியம். கேசட் செட், பெரிய ஆம்ப்ளிஃபயர், பின்னால் நாலு ஸ்பீக்கர். சத்தத்தைக் கூட்டினால் முன்விளக்கு மங்கிவிடும்.

"தம்பி, டைனமோ தாங்கலடா. என்னமாச்சும் செய்லா."

என்னை நானே பெரிய இன்ஜினியர் என்று நினைத்திருந்த காலம் அது. பழைய இரும்புக் கடையில், டைனமோவைவிட அதிகக் கரண்டு தரும் ஓர் ஆல்டர்னேட்டரைத் தேடிப்பிடித்து, ஒரு சனிக்கிழமை டைனமோவைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். அதுவரை ஒரு வண்டியில்கூட இப்படி மாற்றியதில்லை என்பதை அண்ணனிடம் சொல்லவில்லை.

அப்போதெல்லாம் எங்கள் ஆட்கள் கார் வாங்கினால் முதல் காரியமாக டேஷ்போர்டில் சாமி படம் வைத்து, அதற்கு ஒரு குட்டிச் சிவப்பு விளக்குப் போடுவார்கள். "முனியாண்டிக்கு லைட்டு இல்லையேடா," என்றார் அண்ணன். பட்டறையில் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். மீட்டரில் பேட்டரி சார்ஜைக் காட்டும் சிவப்பு விளக்கைப் பிடுங்கி முனியாண்டிக்கு மாட்டினேன். டைனமோ வண்டியில் அது வெறும் அடையாள விளக்கு. இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஞாயிறு காலை முழுக்க லயமே அதிர அண்ணன் பாட்டுப் போட்டார். நான் சொன்னபடி, பேட்டரி இறங்காமலிருக்க இன்ஜினை ஓடவிட்டுத்தான் போட்டார். மத்தியானம் அண்ணிக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. ஆம்பளைகள் எல்லாம் சேர்ந்து தள்ளினோம். டைனமோ இருந்தவரை பேட்டரி செத்தாலும் தள்ளினால் ஓடிய வண்டி, அன்றைக்குச் செம்மண் ரோட்டின் கடைசிவரை தள்ளியும் எழும்பவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு லோரி பிடித்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அண்ணி பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் செட்டைப் பிடுங்கி எறிந்தார். "என் பாட்டுதான்டா பேட்டரிய குடிச்சிருச்சு. நாந்தான்டா புள்ளைய கொன்னுட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லண்ணே," என்றேன். அப்போது எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

அடுத்த வாரம் பட்டறை முதலாளியிடம், வேறு யாருடைய வண்டியையோ பற்றிக் கேட்பதுபோலக் கேட்டேன். "லம்பு தாடா, சாஸ் தாடா," என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். விளக்கு இல்லையென்றால் சார்ஜும் இல்லை. அந்தச் சின்ன விளக்கின் வழியாகப் போகும் கரண்டுதான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் மிச்ச வேலையை முடித்தேன், சாப்பிட்டேன், பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. நெஞ்சு மரத்துப்போயிருந்தது. அது இன்றுவரை முழுசாகத் தெளியவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போவேன். அண்ணன், "வாடா, சாப்ட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். சொல்லாமலே பஸ் ஏறிவிடுவேன்.

இப்போது லயம் இல்லை. பால்மரங்கள் நின்ற இடத்தில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. கேசட்டும் போயிற்று, டைனமோவும் போயிற்று. அண்ணனும் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அவர் இருந்தபோது, அந்தப் பிள்ளைக்குப் பிறகு பிறந்த ஒரே மகளின் கல்யாணத்தில், மேளம் தொடங்கியதுமே அவர் எழுந்து மண்டபத்துக்கு வெளியே போய் நின்றார். நானும் பின்னால் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பாட்டுச் சத்தம் எனக்கு ஆவாதுடா. ஏன்னு ஒனக்குத்தான் தெரியுமே," என்றார்.

"தெரியும்ணே," என்றேன்.