டிம்ப்னாவுக்கு மட்டும் திறக்கும் கதவுகள்

டிம்ப்னா ஃபீரிக்கைப் பற்றி எங்கள் ஊர் வரலாற்றுச் சங்க மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லையாம். எழுதுகிறேன், வயிறு எரிய எரிய.

அவளும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் பாஸ்டனில். டிரம்கீல் எஸ்டேட்டை ஆண்ட ஹேவர்டன் குடும்பத்தின் கதையை முதலில் தோண்டியவள் நான்தான். டப்ளின் காப்பகத்தில் கண் பூத்துப்போகத் தேடினேன். எந்த மகன் எந்தக் காட்டைச் சூதில் விட்டான் என்பது வரை எனக்கு அத்துப்படி. ஆனால் 1921இல், அயர்லாந்து விடுதலைப் போரின்போது, அவர்கள் மாளிகை எரிந்தபோது உள்ளேயிருந்த சாமான்கள் எங்கே போயின என்பது காப்பகத்தில் இல்லை. அவை எங்கள் ஊர் வீடுகளில்தான் இருக்கின்றன. யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஊர்க்காரன் மாலக்கி டார்ப்பியிடம் நேராகவே ஆரம்பித்தேன். "எஸ்டேட்டைப் பங்கு போட்டப்போ உங்க தாத்தாவுக்கு எத்தனை ஏக்கர் கிடைச்சது?"

எங்கள் ஊரில் ஒருவன் தன் மூலவியாதியைக்கூடக் காட்டுவான், ஏக்கர் கணக்கைச் சொல்ல மாட்டான். எனக்குத் தெரியாததா? அவசரத்தில் புத்தி கெட்டுவிட்டது.

"மழை வரும்போல இருக்கு. நீ கிளம்பு, அட்ராக்டா" என்றான். அன்றிலிருந்து நான் போகும் வீட்டிலெல்லாம் மழை வரும்போலத்தான் இருந்தது.

பிறகு டிம்ப்னாவும் அந்தச் சாமான்களைத் தேடி வீடு வீடாகப் போனாள். அவள் எதையும் கேட்க மாட்டாள். தேநீர் வேண்டாமென்று முறைப்படி இரண்டு தடவை மறுப்பாள், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வாள். பிறகு மாடு கன்று போட்ட கதை. மூன்றாவது கோப்பையில் வீட்டுக்காரனே உளறிவிடுவான். அதே மாலக்கி அவளைப் பரணுக்குக் கூட்டிப்போய் மாளிகைத் தொட்டிலைக் காட்டினான்!

ஹேவர்டன் வீட்டுப் பேரன் ரூப்பர்ட் கனடாவிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. என் கையைப் பிடித்து, "உங்களாலதான்" என்று அவன் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் எனக்கு. சங்கமோ ஊரைச் சுற்றிக்காட்டும் வேலையை டிம்ப்னாவிடம் கொடுத்தது.

அந்த வாரமே அவள் என் வீட்டுக்கும் வந்தாள்.

"டீ குடிக்கிறியாடி?"

"வேண்டாம்டி, இப்பத்தான் குடிச்சேன்."

என் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். மூன்றாவது கோப்பையில் என் வாயே என்னைக் காட்டிக்கொடுத்தது. "எங்க கன்னுக்குட்டிக் கொட்டில் கதவு இருக்கே, அது மாளிகையோட வாசக்கதவுடி. எங்கப்பா பச்சை பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டார்."

"கேக் பிரமாதம்டி" என்றாள். அவ்வளவுதான்.

ரூப்பர்ட் வந்தான். தொட்டிலைப் பார்த்தான், இன்னொரு வீட்டில் மாளிகைக் கடிகாரத்தைப் பார்த்தான். ஒவ்வொரு வீட்டிலும் டிம்ப்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். என் வீட்டு வாசலில் அவள், "இங்க ஒண்ணும் இல்லைங்க" என்று அவனை நகர்த்தப் பார்த்தாள்.

என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவளாகவும் அவளேதான் இருக்க வேண்டுமா?

"ஒண்ணும் இல்லையா? வாங்க இப்படி!" என்று அவனைக் கொட்டிலுக்கு இழுத்துப்போனேன். பச்சையைச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே ஓக் மரம், குடும்பச் சின்னம். அவன் கதவில் நெற்றியை வைத்து அழுதான். பிறகு திரும்பினான். நான் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினேன்.

அவன் என்னைத் தாண்டிப் போய் டிம்ப்னாவின் கையைப் பிடித்தான். "இதையும் நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?"

அவள் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை. நீட்டிய கையால் கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுத்தேன்.