ஆற்றுச் சேற்றில் அவர் நின்ற இரவு

கல்யாணமாகி இரண்டாவது வருஷம். என் கணவர் அப்போது பஞ்சாலையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்து ஆற்றுக்குப் போய்விடுவார். கொடுவா மீன் ராத்திரியில்தான் நன்றாகக் கடிக்கும் என்பார். வாடகை வீட்டில் விடிய விடியத் தனியாகக் கிடக்க எனக்குப் பயம். அதனால் நானும் கூடப் போக ஆரம்பித்தேன். கரையில் அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முள்ளில் இறாலைக் கோத்துக் கொடுப்பது என் வேலை.

அன்று அமாவாசை. பாலத்துக்குக் கிழக்கே, முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் ஒரு மண் திட்டில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வற்றி, ஆறு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. பதினொரு மணி வாக்கில் பெரிய மீன் ஒன்று இழுத்தது. தூண்டில் நரம்பு போய் எதிலோ மாட்டிக்கொண்டது. பழைய வலைக்கம்பாக இருக்கும் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பத்தடி போயிருப்பார். சட்டென்று ஆள் குட்டையாகிவிட்டார்.

"கால் உள்ள போயிடுச்சு," என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சிரித்தேன்கூட. ஒரு காலை உருவப் பார்த்தால் மற்றது இறங்கியது. தொடைவரை சேறு பிடித்துக்கொண்டது. புடவையை அவிழ்த்து ஒரு முனையை அவரிடம் வீசினேன். இழுத்த இழுப்பில் வழுக்கி விழுந்தது நான்தான். அவர் அசையவில்லை.

தண்ணீர் இடுப்பைத் தொட்டபோதுதான் அவர் குரல் மாறியது. "ஏத்தம் ஆரம்பிச்சிடுச்சு," என்றார். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வரும் நேரம். அமாவாசையன்று அது திட்டையே மூழ்கடித்துவிடும்.

"பாலத்துக்கிட்ட இறால் வலை போடுறவங்க படகுல இருப்பாங்க. விளக்க எடுத்துக்கிட்டு ஓடு."

"விளக்க எடுத்துட்டுப் போனா உங்கள எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

விளக்கைத் திட்டின் மேட்டில் வைத்துவிட்டு, ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

வழி தெரியவில்லை. கால் வைத்த இடமெல்லாம் என்னையும் உள்ளே இழுக்கப் போவதாகவே பட்டது. நண்டு ஓடினாலும் பாம்பென்று நின்றேன். நடுவில் ஒரு ஓடை. அதன் குறுக்கே ஒற்றைப் பனந்துண்டு. எனக்கு நீச்சல் தெரியாது. முட்டி போட்டு, கையால் தடவித் தடவி ஊர்ந்தேன். கீழே தண்ணீர் உள்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கவனிக்கக் கூடாது என்று நினைத்தேன். அதை மட்டும்தான் கவனித்தேன்.

பாலத்தடியில் ஒரு படகில் புருஷனும் பெண்சாதியுமாக வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் படகுக்காரர்.

"அவரு... சேத்துல..."

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினாள். "அழுவாத. எந்தப் பக்கம்னு மட்டும் காட்டு."

நான் வந்த திசையில் படகைத் தள்ளினார்கள். ஆனால் இடத்தைக் காட்ட முடியவில்லை. எங்கே பார்த்தாலும் ஒரே இருட்டு. திட்டையும் விளக்கையும் தண்ணீர் மூடிவிட்டது என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஏங்க, ஏங்க" என்று கத்தினேன்.

"பேரச் சொல்லிக் கூப்புடும்மா. அவருக்குக் காது அடைச்சிருக்கும்," என்றார் படகுக்காரர்.

அதுவரை அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன். அன்று சொன்னேன். தொண்டை கட்டும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன். இடப்பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது. படகை அங்கே திருப்பினார்கள்.

படகிலிருந்த சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது முகம் மட்டும் தெரிந்தது. மோவாய்வரை தண்ணீர். தலையை அண்ணாந்து வைத்திருந்தார். படகுக்காரர் அவர் அக்குளில் கயிற்றைக் கொடுத்துப் படகோடு கட்டினார். பிறகு மூழ்கி மூழ்கி, காலைச் சுற்றியிருந்த சேற்றைக் கையாலேயே தோண்டினார். அந்த அம்மாள் குனிந்து என் கணவரின் தலையைத் தாங்கிக்கொண்டாள். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். ஒரு கால் வந்தது. மற்றது வர வெகுநேரம் ஆனது. வந்தபோது கெண்டைக்கால் முழுக்கச் சிப்பி கிழித்திருந்தது.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. கோபமா, பயம் தெளியாததா, தெரியவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலுக்கு மருந்து போடும்போது அவரே ஆரம்பித்தார்.

"நீ போயி ரொம்ப நேரமாச்சு. அந்த ஓடையில விழுந்துட்டியோன்னு நெனச்சேன். நான்தான உன்னை அனுப்பினேன். அதுக்கப்புறம் தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சுன்னே நான் பாக்கல."

அவர் அங்கே நின்று என்னை நினைத்துப் பயந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவர் காலை நீட்டியபடியே இருந்தார். அழுதுகொண்டே கட்டுப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கட்டு ரொம்ப இறுக்கமாக இருக்கிறது என்றார். அவிழ்த்து மறுபடி கட்டினேன்.