நாத்தனார் பிடித்த ஒற்றைக்கால் ஸ்டாண்டு

என் நாத்தனாருக்கு வீட்டில் வக்கீலம்மா என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை. எதற்கும் வாயை மூடாதவள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கடையில் விற்கும் பழைய நாணயங்களையும் நகைகளையும் படம் எடுத்து வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது அவள் வேலை. அதில் அவளுக்கு உயிர்.

வினை ஒரு வெள்ளி நாணயத்தில் வந்தது. மூன்றுகால் ஸ்டாண்டில் கேமராவை நேர் கீழே பார்க்க வைத்தால், ஸ்டாண்டின் காலே படத்துக்குள் வந்து நிற்கும். கொஞ்சம் சாய்த்து எடுத்தாள். வட்டக் காசு கோழிமுட்டையாகிவிட்டது. "விளிம்பச் சீவின காச என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று வாடிக்கையாளர் போனில் கத்தினார். போதாக்குறைக்கு, ஒரு ஜோடிக் கம்மலில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் விழுந்தது.

"உன் கை சரியில்ல. இனிமே ஸ்டுடியோக்காரர் வந்து எடுப்பாரு. நீ பேசாம பில் போடு," என்றார் என் வீட்டுக்காரர்.

கல்யாணமானதிலிருந்து பில் போடுகிறவள் நான். அது எத்தனை சலிப்பு என்று எனக்குத் தெரியும்.

"கோணல் என் கையில இல்லண்ணா, ஸ்டாண்டுல. நான் சொல்ற ஸ்டாண்ட வாங்கிக் குடுங்க. அப்பவும் கோணலா வந்தா நானே பில் போட உக்கார்றேன்."

மூவரும் கேமராக் கடைக்குப் போனோம். விற்பனையாளர் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "சார், இதப் பாருங்க சார்," என்று பக்கவாட்டில் கை நீளும் பளபளப்பான மூன்றுகால் ஸ்டாண்டை விரித்தார். சாருக்கு வாயெல்லாம் பல். வக்கீலம்மா அதில் கேமராவை மாட்டி, கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்தாள். கேமரா நேர் கீழே பார்த்தால், லென்ஸ் தன் முகத்தையே படத்தின் நடுவில் பார்க்கும். பார்த்தது. சற்று நேரத்தில் நீட்டிய கை கனம் தாங்காமல் இறங்க, லென்ஸின் முகம் ஓரத்துக்கு நகர்ந்தது.

"தொங்குது பாருங்க. அந்த மூலையில இருக்கிறத எடுங்க."

கனமான பலகை, அதில் ஒற்றைக் கம்பம், கம்பத்தில் ஏறி இறங்கும் ஒரு குட்டைக் கை.

"அது பத்திரத்தப் படம் எடுக்கறது மேடம்," என்று விற்பனையாளர் சிரித்தார்.

"பாக்கவே நல்லா இல்லையே. ஒரு கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"காசுக்கு யாருண்ணா கல்யாணம் பண்றாங்க?"

அதிலும் கேமராவை மாட்டி, கண்ணாடியை வைத்து, பிடிவாதமாகக் காத்திருந்தாள். லென்ஸின் முகம் இம்மியும் அசையவில்லை. ஒற்றைக்காலில் நின்று அதையே வாங்க வைத்தாள்.

மறுநாள் வெள்ளி நாணயம் வட்டமாக வந்தது. கம்மல் இரண்டும் ஒரே அளவு. போனில் கத்தியவரே நாணயத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோக்காரர் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். மனுஷன் தங்கையிடம் சொன்னதைக் கேளுங்கள்:

"ஸ்டாண்டு பிரமாதம்மா. இதுல யார் எடுத்தாலும் நல்லா வரும். எழுந்து இவருக்கு இடம் குடு."

அவள் அசையவில்லை.

"கோணலா வந்தப்ப என் கைன்னீங்க. நேரா வந்ததும் ஸ்டாண்டுங்கறீங்க. எழுந்திருக்க மாட்டேன்."

ஸ்டுடியோக்காரர் தர்மசங்கடத்தோடு வாசலைப் பார்த்தார். நான் பில் மேஜையிலிருந்து எழுந்து, அடுத்துப் படமெடுக்க வேண்டிய நாணயத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்போ பில் யார் போடறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க போடுங்க," என்றேன்.