வேலிக்காரரின் ரப்பர் வீரம்

ஆட்டுப்பண்ணைகளுக்கு மின்வேலி போட்டுத் தரும் அந்த மனிதருக்கு 'ஷாக் மன்னர்' என்று ஒரு பட்டம் உண்டு. கொடுத்தது வேறு யாருமில்லை, அவரேதான். மோட்டார் ரிப்பேர், ஒயரிங் என்று எதிலும் கால் தரிக்காமல் கடைசியில் வேலிக்கு வந்து சேர்ந்தவர். இருபது வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே வியாபாரத் தந்திரம், வேலிக்கு மின்சாரம் தரும் பெட்டியை ஓடவிட்டு, வந்தவர்கள் கண்ணெதிரே கம்பியை வெறுங்கையால் பிடிப்பது. முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

"பழகின உடம்பு," என்பார்.

உடம்பு ஒன்றும் பழகவில்லை. முழங்கால் உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார், அவ்வளவுதான். கம்பியில் வரும் மின்சாரம் உடம்பில் இறங்கி மண் வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் அடி உறைக்கும். ரப்பர் அதை மறித்துவிடும். இந்த ரகசியம் அறிந்த ஒரே ஆள், கூடவே போய் பெட்டியைச் சுமந்து சுவிட்சைப் போடும் அவர் மனைவி. அவருடைய வீரத்தை வாரம் ஒருமுறை சேறு போகக் கழுவி, கவிழ்த்துக் காயவைப்பவளும் அவள்தான்.

மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு இதயத்துடிப்பு தடுமாறியது. நெஞ்சுத் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இனி மின்வேலியைத் தொடவே கூடாது, அந்த அடி கருவியைக் குழப்பிவிடலாம் என்றார் டாக்டர். அங்கே பவ்யமாகத் தலையாட்டியவர், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும், "அதான் பூட்ஸ் இருக்கே," என்றார்.

ஒருநாள் வேலி போடப் போன ஆட்டுப்பட்டியில் அன்று காலையில்தான் கழுவிவிட்டிருந்தார்கள். தரை சொதசொதவென்று கிடந்தது. வேலிக்காரர் கம்பியை இழுத்துக் கட்டி, பெட்டியை ஓடவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார்.

"அண்ணே, பூட்ஸைக் கழட்டிட்டுப் பிடிங்க," என்றார் ஆட்டுக்காரம்மா.

"எதுக்கும்மா?"

"என் ஆடு என்ன பூட்ஸ் போட்டுக்கிட்டா மேயுது?"

புல்கட்டு இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அது போதும் அவருக்கு. குனிந்து பூட்ஸை உருவ ஆரம்பித்தார். மனைவி பக்கத்தில் போனாள்.

"நெஞ்சுல இருக்கறதைச் சொல்லிடவா?"

"வாயை மூடு. மானம் போயிடும்."

அவளுக்குப் பயம் பாதி, அருவருப்பு பாதி. முன்பின் தெரியாத இரண்டு பேர் சிரித்தார்கள் என்பதற்காக உயிரைக் கொடுக்கத் துணிகிற ஜென்மம். அவர் இரண்டாவது பூட்ஸோடு மல்லுக்கட்டுவதற்குள் அவள் செருப்பை உதறிவிட்டுச் சேற்றில் இறங்கி, கம்பியைப் பிடித்தாள்.

முழங்கையில் சுத்தியலால் போட்டதுபோல விழுந்தது. கைச்சதை தானாகச் சுருண்டது, விரல்கள் கம்பியை இன்னும் இறுக்கின, முழங்கால் மடங்கியது, பல் பட்டு நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது. அடுத்த அடிக்கு ஒரு விநாடி இருந்தது. அந்த ஒரு விநாடியில் கை மறுபடி அவள் சொன்னபடி கேட்டது. விட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

"வலிக்குதா அக்கா?" என்றார் ஆட்டுக்காரம்மா.

"உசுரு போற மாதிரி வலிக்குது. ஆனா விட்டு விட்டுத்தான் அடிக்குது, கையை எடுத்துடலாம். வீட்டுக் கரண்டை நேரா கம்பியில கொடுத்தீங்கன்னா விடாது. பிடிச்ச கை பிடிச்சபடியே இருக்கும், நெஞ்சு நின்னுடும். அதுக்குத்தான் இந்தப் பெட்டி. இதையே இவரு தொடக் கூடாது, நெஞ்சுல மிஷின் வச்சிருக்கு."

சிரித்தவர்கள் புல்கட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒற்றை பூட்ஸோடு நின்ற வேலிக்காரர் வானத்தை ஆராய்ந்தார்.

"இப்பதான் ஒருத்தர் உள்ளதைச் சொல்றீங்க," என்றார் ஆட்டுக்காரம்மா. "வேலியைப் போட்டுடுங்க."

திரும்பும்போது வண்டியில் அவரால் பொறுக்க முடியவில்லை.

"நீ பிடிச்ச விதமே தப்பு. நான் பிடிச்சிருந்தா அசைஞ்சிருக்க மாட்டேன்."

மரத்துப்போன கையைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அசைஞ்சிருக்க மாட்டீங்கதான். நாலு பேர் தூக்கியிருப்பாங்க."