மாரிமுத்து கழற்றிய படம்

இன்று டிராமை விட்டிறங்கி, முடி வெட்ட நேரே கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாரிமுத்துவின் சலூனுக்குப் போனேன். கண்ணாடிக்கு மேல் மாலையோடு தொங்கும் எங்கள் சட்டசபை உறுப்பினரின் படத்தைக் காணவில்லை.

"இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இங்கே என்ன வாக்கு?" என்று அவர் மேடையில் முழங்கியபோதும் அந்தப் படம் அசையவில்லை. அவருடைய ஆட்கள் வாக்காளர் பட்டியலுக்கு ஆட்சேபம் எழுப்பி மாரிமுத்துவின் வாக்கையே பறித்தபோதும், "அய்யாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, கூட இருக்கிறவனுங்க வேலை" என்றுதான் சொன்னார்.

இப்போதாவது விழித்துக்கொண்டாரே என்று எனக்குச் சந்தோஷம்.

"என்ன மாரிமுத்து, படத்தைக் கழட்டிப்போட்டீர் போல?"

கத்தி தீட்டுவதை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"நேத்து அய்யா எதிர்க்கடை சலூன்ல உக்காந்து சவரம் பண்ணிக்கிட்டாருங்க. என் கண்ணு முன்னாலேயே! இதுக்கு மேல என்னங்க இருக்கு?"

"பெரிய அநியாயம்தான்" என்றேன். கத்தி என் கழுத்தருகே வந்திருந்தது.

வெளியே வந்தபோது எதிர்க்கடையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே முகம், புது மாலை. அந்தக் கடைக்காரரின் வாக்கும் மாரிமுத்துவின் வாக்கோடு போனதுதான்.

வெள்ளவத்தைப் பக்கம் படமில்லாத சலூன் ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.