நான் அனுப்பாத சத்தங்கள்

1. பூத்

கண்டி நகரில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் செவிப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி எனக்கு மெஷினைக் காட்டவில்லை. மூலையில் இருந்த சின்ன அறையைத்தான் காட்டினார். சுவர், கூரை, கதவு எல்லாம் சத்தம் புகாதபடி அடைத்த அறை. நாங்கள் அதை பூத் என்போம்.

“தங்கச்சி, உள்ளுக்கு போய் கொஞ்சம் இரிங்க. நான் கதவ சாத்துறன். மத்தவங்கள உக்கார வைக்க முந்தி, உள்ளுக்கு எப்பிடி இருக்கும்னு உங்களுக்கு தெரியோணும்” என்றார் ஹாஜியார். முதலாளியை எல்லோரும் அப்படித்தான் அழைப்போம்.

நான் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்போம். சத்தமே இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கதவு மூடியதும் கீழே அலறிக்கொண்டிருந்த பஸ் ஹோர்ன் வெட்டியது போல நின்றது. கொஞ்ச நேரத்தில் காதுக்குள் மெல்லிய ரீங்காரம் எழுந்தது. பிறகு என் நெஞ்சு அடிப்பது கேட்டது. அதற்கும் பிறகு, யாரோ எனக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது கேட்டது. அதுவும் என் மூச்சுதான் என்று தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் ஹாஜியார் கேட்டார்: “பின்னுக்கு ஆள் நின்டதா?”

கேட்கும்போது அவர் சிரிக்கவில்லை.

வேலை கடினமில்லை. வந்தவர் ஹெட்போன் போட்டு உள்ளே உட்காருவார். நான் வெளியே இருந்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தபடி ‘டோன்’ என்னும் மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் அவர் கையிலுள்ள பட்டனை அழுத்துவார். என் பக்கம் ஒரு விளக்கு எரியும். காதில் இரைச்சல் உள்ள சிலர் டோன் போகாதபோதும் அழுத்துவார்கள். அதில் பயப்பட எதுவுமில்லை என்றுதான் பல வருடங்களாக நினைத்திருந்தேன்.

2. மாஸ்டர்

அந்த யாழ்ப்பாணத்து மாஸ்டரை அவருடைய மகள் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பேராதனையில் வேலை. தாய் இறந்த பிறகு தகப்பனைத் தன்னோடு கொண்டுவந்து வைத்திருந்தாள். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, நன்றாகச் சீவிய தலை.

“அப்பாக்குக் காது கேக்கேல்லைப் போல. கூப்பிட்டாத் திரும்பிறாரில்லை” என்றாள் மகள்.

“எனக்குக் கேக்குது பிள்ளை. கூடக் கேக்குது. அதுதான் கரைச்சல்” என்றார் அவர்.

டெஸ்ட் ஆரம்பத்தில் சரியாகத்தான் போனது. பிறகு நான் டோன் அனுப்பாத இடைவெளிகளிலும் விளக்கு எரியத் தொடங்கியது. மெஷின் கோளாறோ என்று அனுப்புவதையே நிறுத்திவிட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. ஒழுங்கான இடைவெளி, யாரோ நடப்பது போல. கண்ணாடிக்கு உள்ளே அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

நான் கதவைத் திறந்தேன். “ஐயா, என்னங்க கேக்குது?”

“நடக்கினம்.”

“யாருங்க?”

“சப்பாத்துக் கால். பள்ளிக்கூடத்துச் சரளைக்கல்லில நடக்கினம். கிட்ட வந்து வாசல்ல நிப்பினம். பிறகு முதல்ல இருந்து.”

அன்று எனக்கு அடுத்த ஆள் இல்லை. அவர் சொன்னதை முழுவதும் கேட்டேன்.

அவர் இளம் ஆசிரியராக இருந்த காலம். ஊரில் அரசாங்க இராணுவத்தின் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அயல் நாட்டு அமைதிப்படை வந்து இறங்கியது. சனம் றோட்டுக்கு ஓடிப்போய் மாலை போட்டது. இவரும் போட்டார். சில நாளில் ஒரு அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்து, பின்பக்கக் கட்டடத்தில் காவல் போடலாமா என்று மரியாதையாகக் கேட்டார். ஆங்கிலம் தெரிந்தவர் இவர்தான். ஊர் பெரியவர்கள் இவருடைய முகத்தைப் பார்த்தார்கள்.

“நான்தான் ஓமெண்டு சொன்னன், பிள்ளை. நீங்கள் பக்கத்தில இருந்தா நாங்கள் நித்திரை கொள்ளுவம் எண்டும் சொன்னன்.”

மாதங்கள் போக நிலைமை தலைகீழானது. காக்க வந்த படைக்கும் உள்ளூர் இயக்கத்துக்கும் சண்டை மூண்டது. காவல் போட்ட பள்ளிக்கூடமே குறியாகிவிட்டது. ஒரு மத்தியானம் இரண்டு பக்கமும் சுட்டதில், சைக்கிளில் வந்துகொண்டிருந்த அவருடைய தம்பி நடுவில் அகப்பட்டான். யாருடைய வெடி என்று இன்றைக்கும் தெரியாது. அந்த அதிகாரியே உடலைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தாராம்.

“அழுதவர். ‘இதை நிப்பாட்டத்தான் நாங்கள் வந்தனாங்கள்’ எண்டு சொன்னவர். எனக்கு அவரில கோபம் வரேல்லை. அதுதான் எனக்கு இப்பவும் விளங்காதது.”

“அப்புறம்?”

“அவையள் கப்பலேறிப் போன அண்டைக்கு ஊரெல்லாம் சந்தோசம். எனக்கும்தான். பிறகு பழைய ஷெல் திரும்ப விழத் தொடங்கிச்சுது. அப்ப பங்கருக்குள்ள இருந்துகொண்டு, அவையள் நிண்டிருக்கலாம் எண்டு நினைச்சன். வரச்சொன்னதும் நாங்கள், போகச்சொன்னதும் நாங்கள். ரெண்டு நேரமும் நாங்கள் கேட்டது சரிதான், பிள்ளை.”

3. ரஞ்சித்

மாஸ்டர் வந்த அதே மழைக்காலத்தில் ரஞ்சித்தும் வந்தார். ஹேவாஹெட்ட பக்கத்துச் சிங்களவர். முன்பு இராணுவத்தில் இருந்தவர், இப்போது கண்டியில் த்ரீவீலர் ஓட்டுகிறார். அவர் சிங்களத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

இவரும் பூத்துக்குள் டோன் இல்லாமல் பட்டனை அழுத்தினார். நடையின் ஒழுங்கு இவரிடம் இல்லை. சட்டென்று படபடவென்று அழுத்துவார், பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் அவருக்கு வியர்த்தது.

வெளிநாடொன்றில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, பல நாடுகள் சேர்ந்து அனுப்பிய படையில் அவரும் போயிருக்கிறார். முகாமைச் சுற்றித் தகரவேலி, பெரிய தகரக் கேட். ஒருநாள் விடியற்காலை பக்கத்துக் கிராமத்துச் சனம் கேட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் ஆயுதக்காரர்கள் வருகிறார்கள், உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினார்கள். மேலிடத்து அனுமதி இல்லாமல் கேட் திறக்கக் கூடாது. அதற்கு முன் ஒருமுறை, சனத்தோடு சனமாக ஆயுதக்காரர்கள் நுழைந்ததில் வேறொரு முகாமே எரிந்து போயிருந்தது. அதிகாரி ரேடியோவில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

“அவங்க கேட்டை உடைக்கல மிஸ். உள்ளங்கையால தட்டினாங்க. மெதுவா. தூங்குற பிள்ளை முழிச்சிரும்னு தட்டுற மாதிரி. நான் இந்தப் பக்கம் துவக்கோட கேட்டுல சாஞ்சு நிக்கிறேன். தகரம் என் முதுகுல அதிருது.”

“பதில் வந்துச்சா?”

“வந்திச்சு. திறக்கச் சொல்லித்தான் வந்திச்சு. ஆனா அதுக்கு முந்தியே தட்டுறது நின்னுருச்சு. திறந்து பாத்தோம். ஒருத்தரும் இல்ல. ரத்தம் இல்ல, வெடிச் சத்தமும் கேக்கல. ஒரு பானை மட்டும் இருந்திச்சு. தொட்டுப் பாத்தேன். சூடா இருந்திச்சு.”

காட்டுக்குள் ஓடிவிட்டார்கள் என்று எழுதி அனுப்பினார்களாம்.

“ஓடியிருக்கலாம்தானே மிஸ்?” என்று என்னிடம் கேட்டார்.

நான் ஓடியிருப்பாங்க என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

4. மத்தியானம்

காது இரைச்சலை மறைக்க ஒரு சின்னக் கருவி உண்டு. மழை இரைவது போல மெல்லிய சத்தத்தைக் காதுக்குள் போட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பொருத்துவதற்கு இருவருக்கும் ஒரே மத்தியானம் நேரம் கொடுத்திருந்தேன். வேறு நாள் காலி இல்லை, அவ்வளவுதான்.

வெளியே மழை. மாஸ்டரும் ரஞ்சித்தும் எதிரெதிர்க் கதிரைகளில் இருந்தார்கள். டீவியில் செய்தி. ஏதோ ஒரு நாட்டில் உள்நாட்டுச் சண்டை, எரிந்த வீதிகள், வெளிநாட்டுப் படை அங்கே போகவேண்டுமா என்று ஆட்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்தார். “என்னத்துக்கு பேசிட்டு இருக்காங்க? படைய அனுப்பினா முடிஞ்சுது.”

“கூப்பிடாதேங்கோ” என்றார் மாஸ்டர், டீவியில் இருந்தவர்களிடம் சொல்வது போல.

ரஞ்சித் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவருக்கு முகம் சிவந்தது. “அப்ப போகாம இருக்கவா? கேட்டுக்கு வெளிய நிக்கிறவங்க என்ன செய்றது?”

அதை நான் தமிழில் சொன்னதும் மாஸ்டர் அவரை நேராக நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, நீர் கேட்டைத் திறந்திருந்தா, அந்தச் சனத்தை எவ்வளவு காலம் காப்பாத்தியிருப்பீர்?”

“தெரியாது சேர். மேலிடத்து ஓடர் இருக்கும் வரைக்கும்.”

“பிறகு?”

ரஞ்சித் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார். அவர் திருப்பிக் கேட்டார்: “சேர், அவங்க உங்க ஊருக்கு வராம இருந்திருந்தா, உங்க தம்பி இருந்திருப்பாரா?”

கேட்டின் கதையை மாஸ்டரிடமோ, தம்பியின் கதையை ரஞ்சித்திடமோ நான் சொல்லவில்லை. கீழே மழைக்கு ஒதுங்கி நின்றபோது, மாஸ்டருக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை மொழிபெயர்க்க எனக்கு நாக்கு வரவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

“ஷெல்லில செத்திருப்பானோ என்னவோ” என்றார் மாஸ்டர். “ஆருக்குத் தெரியும்.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டீவி அணைந்தது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. மழையும் விட்டிருந்தது. வீதியில்கூட ஒரு வாகனம் இல்லை. கண்டி நகரின் நடுவில், பட்டப்பகலில், பூத்துக்குள் இருப்பது போன்ற அமைதி.

இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். ஒரே பக்கம். மாடிப்படியின் மூடிய கதவை.

ஹாஜியாரும் பார்த்தார். நானும் பார்த்தேன். கதவுக்கு அப்பால் யாரோ வந்து நிற்பதாக எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ரஞ்சித்தின் கை கதிரைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. மாஸ்டரின் விரல், பட்டன் இல்லாமலே, முழங்காலில் அசைந்துகொண்டிருந்தது.

எவரும் எழும்பவில்லை. கடைசியில் ரஞ்சித்தான் எழுந்து போய்த் திறந்தார். படிகள் கீழே வரை வெறுமையாக இருந்தன. நனைந்த தரையில் ஒரு காலடி கூட இல்லை.

“திறந்தபடியே இருக்கட்டும் தம்பி” என்றார் மாஸ்டர்.

கரண்ட் வந்த பிறகும் அந்தக் கதவை நாங்கள் மூடவில்லை. மாலையில் ரஞ்சித் தன் த்ரீவீலரில் மாஸ்டரைப் பேராதனைக்கு ஏற்றிப் போனார்.

5. திருப்பித் தந்தது

ரஞ்சித் கருவியைப் போட்டுக்கொண்டுதான் இன்றும் ஓட்டுகிறார். ஓரளவு தூங்குவதாகச் சொல்கிறார். மாஸ்டர் சில வாரங்களில் அதைப் பெட்டியோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“வேலை செய்யலீங்களா ஐயா?”

“நல்லா வேலை செய்யுது. ஒண்டும் கேக்கேல்லை. அதுதான் பிள்ளை பயமாக் கிடக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சப்பாத்துகளுக்குள்ள ஒரு சிலிப்பர்ச் சத்தமும் இருக்குது. அப்பிடித் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறவன் என்ர தம்பி ஒருத்தன்தான். இதைப் போட்டா அவனும் நிண்டு போறான்.”

பெட்டியை எடுத்து அலுமாரியில் வைத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் சற்று நின்று நின்று போனார், பின்னால் வருபவருக்காகப் பொறுப்பது போல.

இன்னொரு நாட்டுக்குப் படை போகவேண்டுமா, போகக்கூடாதா என்று இப்போது யார் என்னிடம் கேட்டாலும் உடனே பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. எனக்குத் தெரிந்தது என் தொழில் மட்டும். அதைப் புதிதாகப் படித்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சத்தத்தை மறைக்கும் கருவி நல்லதுதான், தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் அது யாருடைய சத்தம் என்று ஒருமுறை கேளுங்கள். சிலர் அதை விரட்டிவிட வந்திருப்பதில்லை. அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.