ஆறாவது நகர்த்தல்

அச்சகத்தில் அவருக்கு அரைப்புள்ளி என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறவர். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் ஆளை விடமாட்டார். ஊரான் எழுதியதையெல்லாம் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போனவருக்கு, தன் பெயர் ஒரே ஒரு தடவை அச்சில் வரவேண்டும் என்று ஆசை. இது ஒரு பேராசையா?

அதற்கு அவர் நம்பியிருந்தது சதுரங்கத்தை. வேறு நகரத்திலிருந்த ஒரு கணக்கு வாத்தியாரோடு தபால் கார்டிலேயே ஆட்டம். கார்டுக்கு ஒரு நகர்த்தல், ஓர் ஆட்டம் முடிய இரண்டு வருஷம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"கட்டின பொண்டாட்டிகிட்ட பேச வாய் வராது, கார்டுன்னா மட்டும் கை பரபரக்கும்" என்பாள் மனைவி.

கடைசி ஆட்டத்தில் அவர் தானாகக் கண்டுபிடித்த தொடக்கத்தை இறக்கினார். முன்னே போன குதிரை, ஆறாவது நகர்த்தலில் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பிவிடும். பார்த்தால் கிறுக்குத்தனம். ஆனால் வாத்தியார் தோற்றார். 'இதை எங்கே பிடித்தீர்கள்? விவரமாக எழுதுங்கள்' என்று கேட்டு எழுதினார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற நம் அரைப்புள்ளி, சதுரங்க இதழுக்கு அனுப்புமுன் வாத்தியார் ஒரு பார்வை பார்க்கட்டுமே என்று எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினார்.

பதில் இல்லை. வாத்தியாருக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து, நலம் விசாரித்து இரண்டு கார்டு வேறு போட்டார், பைத்தியக்காரர்.

ஐந்தாம் மாதம், அச்சகத்துக்கு வந்த சதுரங்க இதழின் மெய்ப்பு அவர் மேஜைக்கே வந்தது. 'நான் கண்ட புதிய தொடக்கம்.' மேலே கொட்டை எழுத்தில் வாத்தியார் பெயர். கீழே அத்தனையும் இவருடைய வாக்கியங்கள், இவர் வைத்த அரைப்புள்ளிகளோடு. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதுதான்.

ஆறாவது நகர்த்தலில் ஓர் அச்சுப்பிழை. எழுத்துக் கோத்தவர் குதிரை திரும்பும் வரிசை எண்ணில் ஒன்றுக்குப் பதில் ஐந்து போட்டிருந்தார். ஐந்தாம் வரிசைக்குப் போனால் அந்தக் குதிரையைச் சாதாரணச் சிப்பாயே வெட்டிப் போட்டுவிடும். இப்படியே அச்சானால் ஆடத் தெரிந்தவன் எல்லாம் வாத்தியாரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பான். இவர் எதுவும் செய்யவேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

"முடிஞ்சுதா? மெஷின் காத்துக்கிட்டிருக்கு" என்றார் ஃபோர்மேன்.

"ஒரு நிமிஷம் சார்."

ஐந்தை அடித்தார். ஓரத்தில் ஒன்று என்று எழுதினார். தன் குதிரை அநியாயமாகச் சாவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

"உங்களுக்குத்தான் செஸ் தெரியுமே. கட்டுரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். எழுதினவர் பேர்ல ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்துச்சு, அதையும் போட்டுட்டேன்."